மரச்செக்கு மோட்டார் சூடாகிறது, உறுமுகிறது, கட்டணமும் குறையவில்லை: டிரைவில் என்ன மாற்ற வேண்டும்?

ஆச்சி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கோட்டையூர்ப் பக்கம் இரண்டு மரச்செக்குகள் வைத்திருக்கிறீர்கள். இரண்டையும் இழுப்பது 7.5 எச்.பி. மூன்று ஃபேஸ் மோட்டார் ஒன்றுதான். எண்ணெய் சூடேறக் கூடாது என்று செக்கின் வேகத்தைப் பாதியாக்க நினைத்து, ஆறு மாதத்துக்கு முன் ஒரு டிரைவ், அதாவது மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி, வாங்கி மாட்டினீர்கள். எள்ளைப் போட்ட புதிதில் 10 ஹெர்ட்ஸ், பிறகு 25 ஹெர்ட்ஸ் என்று ஓட்டுகிறீர்கள். இப்போது மோட்டாரில் கை வைக்க முடியவில்லை. எந்நேரமும் கூவல் சத்தம். கருப்பட்டி போட்டு எள் இறுகும் நேரத்தில் உலக்கை திக்கித் திக்கிச் சுற்றுகிறது. பாதியில் மின்சாரம் போய்த் திரும்பினால் செக்கு கிளம்பவே மறுக்கிறது. இத்தனைக்கும் மேல், மின்கட்டணம் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. 'இது சாதா டிரைவ், வெக்டார் டிரைவ் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும்' என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். வாங்கலாமா என்று உங்கள் மகன் கேட்கச் சொன்னார்.

வாங்க வேண்டாம். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் 7.5 எச்.பி. டிரைவ்களில் பெரும்பாலானவற்றில் வெக்டார் முறை உள்ளேயே இருக்கிறது. பெட்டியிலிருந்து எடுத்து மாட்டும்போது அது சாதாரண முறையில் நிற்கும். மாட்டியவர் அதை மாற்றாமல் போயிருப்பார். முதலில் கையேட்டைத் திறந்து 'கட்டுப்பாட்டு முறை' என்ற அமைப்பில் என்னென்ன தேர்வுகள் இருக்கின்றன என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் அதை மாற்றுவதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அது டிரைவில் இல்லை, பெல்ட் ஓடும் கப்பியில் இருக்கிறது. பிறகு அதற்கு வருகிறேன்.

சூடு, திக்கல், கட்டணம் இவற்றை மூன்று தனித்தனிக் கோளாறுகளாக எண்ணாதீர்கள். மோட்டாருக்குள் போகிற கரண்டில் எவ்வளவு செக்கைச் சுற்றுகிறது, எவ்வளவு வேலை செய்யாமல் கம்பியைச் சுடவைத்துவிட்டுத் திரும்புகிறது என்பதுதான் விஷயம். வேலை செய்யாத கரண்ட் மிகுந்தால் மோட்டார் சுடும். அதன் கோணம் தடுமாறினால் திக்கும். அதற்கும் சேர்த்துத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். சிக்கனமாக ஓட்டும் வழியும் சீராக ஓட்டும் வழியும் ஒன்றே.

இதை விளங்கிக்கொள்ள உங்கள் தொழிலைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. காரைக்குடியில் செக்காலை என்று ஒரு பகுதிக்கே பெயர் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மாட்டுச்செக்கு ஓடிப் பார்த்திருப்பார்கள். மாட்டுச்செக்கில் நீண்ட சட்டம் ஒன்று உண்டு. அதன் மேல் பாரத்துக்குக் கல் ஏற்றுவார்கள், சில சமயம் ஆளே உட்காருவார். மாடு அந்தச் சட்டத்துக்குச் செங்குத்தான திசையில் இழுத்தபடி வட்டமாக நடக்கும். இதில் இரண்டு விஷயங்கள் வேண்டும். ஒன்று, பாரம், அது இல்லாவிட்டால் உலக்கை உரலின் சுவரில் அழுத்தாது, எண்ணெய் இறங்காது. இன்னொன்று, இழுவை, அது சட்டத்துக்குச் சரியாகக் குறுக்கே இருக்க வேண்டும். மாடு சட்டத்தின் நீளவாக்கில் வெளிப்பக்கமாக இழுத்தால், எவ்வளவு தசை முறுக்கினாலும் செக்கு ஒரு விரல்கூட நகராது. மாடு களைத்துப்போகும், அவ்வளவுதான்.

இண்டக்‌ஷன் மோட்டாருக்குள் நடப்பதும் இதுவே. உள்ளே போகிற கரண்ட் பார்க்க ஒன்றாகத் தெரிந்தாலும், அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒரு பகுதி இரும்பில் காந்தப்புலத்தை உண்டாக்கி நிறுத்துகிறது. அதைப் பாரக் கரண்ட் என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு பகுதி அந்தக் காந்தப்புலத்துக்குக் குறுக்கே நின்று முறுக்குவிசையைத் தருகிறது. அது இழுவைக் கரண்ட். பாரமும் இழுவையும் பெருக்கிக் கிடைப்பதே செக்கைச் சுற்றும் விசை. பாரம் குறைந்தால் அதே வேலைக்கு இழுவை அதிகமாக வேண்டும். பாரம் அளவுக்கு மீறினால் இரும்பு அதற்கு மேல் ஏற்காது. கரண்ட் வெறும் சூடாகிவிடும்.

சாதாரண முறையில் டிரைவ் என்ன செய்கிறது? மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் ஒரே விகிதத்தில் ஏற்றி இறக்குகிறது. 415 வோல்ட்டை 50 ஹெர்ட்ஸால் வகுத்தால் ஹெர்ட்ஸுக்கு 8.3 வோல்ட். 25 ஹெர்ட்ஸில் 207 வோல்ட், 10 ஹெர்ட்ஸில் 83 வோல்ட். இப்படிக் கொடுத்தால் பாரக் கரண்ட் ஏறக்குறைய மாறாமல் இருக்கும் என்பது கணக்கு. 25, 30 ஹெர்ட்ஸுக்கு மேல் அந்தக் கணக்கு நன்றாகவே பலிக்கிறது. மின்விசிறிக்கும் பம்புக்கும் அதுவே போதும். கீழே இறங்க இறங்கத்தான் பிசகுகிறது. 5 ஹெர்ட்ஸில் மோட்டாருக்குக் கிடைப்பது 41.5 வோல்ட், ஒரு ஃபேஸுக்கு 24 வோல்ட். மோட்டாரின் கம்பித் தடை ஃபேஸுக்கு ஒரு ஓம் என்று வையுங்கள். முழுச் சுமையில் 11 ஆம்பியர் ஓடினால் 11 வோல்ட் கம்பியிலேயே கரைந்துவிடுகிறது. 24 வோல்ட்டில் 11 போனால் காந்தத்துக்கு என்ன மிஞ்சும்? பாரம் இல்லாத செக்காக மோட்டார் நிற்கிறது.

இதைச் சமாளிக்க டிரைவில் 'பூஸ்ட்' என்று ஒரு அமைப்பு உண்டு. கீழ் வேகத்தில் கொஞ்சம் கூடுதல் வோல்ட் தள்ளும். செக்கு கிளம்பவில்லையா, பூஸ்டை ஏற்று; இன்னும் கிளம்பவில்லையா, இன்னும் ஏற்று என்று போவார்கள். பலர் செய்யும் தவறு இது. பூஸ்டுக்குச் சுமை தெரியாது. எள் இறுகியிருக்கும்போது தேவைப்பட்ட அந்தக் கூடுதல் வோல்ட், உரல் காலியாகச் சுற்றும்போதும் வந்துகொண்டே இருக்கும். அப்போது அது முழுவதும் பாரக் கரண்டாகிவிடும்.

இரண்டு கோடைக்கு முன் தேவகோட்டைச் சாலையில் ஒரு செக்குக்கூடத்தில் இதையே பார்த்தேன். உங்களுடையதைப் போலவே 7.5 எச்.பி. மோட்டார். தகரக் கூரை. உள்ளே நுழையும்போதே எண்ணெய் வாசத்துக்கு நடுவில் சூடேறிய வார்னிஷ் வாசம். பெல்ட்டைக் கழற்றச் சொன்னேன். மோட்டார் எதையும் இழுக்காமல் வெறுமனே 10 ஹெர்ட்ஸில் சுற்றுகிறது. டிரைவின் திரையில் 13 ஆம்பியர். பெயர்த்தகட்டில் முழுச் சுமைக்கே 11 ஆம்பியர்தான் எழுதியிருக்கிறது. சும்மா சுற்றும் மோட்டார் முழுச் சுமையைவிட அதிகக் கரண்ட் இழுத்துக்கொண்டிருந்தது. பூஸ்டைத் திறந்து பார்த்தால் 15 சதவீதம். அதை ஒவ்வொரு சதவீதமாக இறக்கினேன். 4 சதவீதத்துக்கு வந்தபோது திரையில் 5 ஆம்பியர். கூவல் அடங்கியது. கடைக்காரர் பத்து நிமிடம் கழித்து மோட்டாரின் விலாவில் கையை வைத்தார், எடுக்கவே இல்லை.

இந்தச் சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: கரண்டைச் சாதாரண கிளாம்ப் மீட்டரில் அளக்காதீர்கள். டிரைவிலிருந்து வருவது துண்டு துண்டாக வெட்டப்பட்ட மின்சாரம். குறைந்த அதிர்வெண்ணில் மலிவான மீட்டர் தவறாகக் காட்டும். டிரைவின் திரையில் வரும் எண்ணையே நம்புங்கள், அல்லது 'ட்ரூ ஆர்.எம்.எஸ்.' என்று எழுதிய மீட்டரைப் பயன்படுத்துங்கள்.

இனி வெக்டார் முறை. மாட்டுச்செக்குக்கே திரும்புகிறேன். தரையில் ஓரமாக நிற்பவருக்கு மாடு கிட்ட வரும், விலகும், மறுபடி கிட்ட வரும். ஓயாத ஏற்ற இறக்கம். சட்டத்தின் மேல் பாரத்துக்கு உட்கார்ந்திருப்பவருக்கு அப்படி இல்லை. அவரும் சேர்ந்து சுற்றுவதால் மாடு எப்போதும் அவர் கண்ணுக்கு அதே இடத்தில் நிற்கிறது. எவ்வளவு இழுக்கிறது, கோணம் சரியாக இருக்கிறதா என்பது அவருக்கு ஒரு பார்வையில் தெரியும். மோட்டாரின் மூன்று ஃபேஸ் கரண்டுகளும் வெளியிலிருந்து பார்த்தால் நொடிக்குப் பத்து முறை, ஐம்பது முறை ஏறி இறங்கும் அலைகள். அவற்றைக் காந்தப்புலத்தோடு சேர்ந்து சுற்றும் ஒருவரின் பார்வைக்கு மாற்றினால் அலை மறைந்து இரண்டே எண்கள் நிற்கும்: பாரம் இவ்வளவு, இழுவை இவ்வளவு. இந்தப் பார்வை மாற்றத்துக்கான கணிதத்தை அமெரிக்கப் பொறியாளர் பார்க் 1929-இல் எழுதிவிட்டார். அதை வைத்து இண்டக்‌ஷன் மோட்டாரைக் கட்டுப்படுத்தலாம் என்று ஜெர்மனியில் ஹாஸேயும், சீமென்ஸ் நிறுவனத்தில் பிளாஷ்கேயும் 1960-களின் கடைசியிலும் 1970-களின் தொடக்கத்திலும் காட்டினார்கள். அன்றைய மின்னணுவியலில் அது பெரிய ஆலைகளுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் சமாசாரம். இன்று நொடிக்குப் பல ஆயிரம் முறை இந்தக் கணக்கைப் போடும் சில்லு, உங்கள் செக்குக்கூடச் சுவரில் தொங்குகிற பெட்டிக்குள் இருக்கிறது. எனக்கு இது இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

சாதாரண முறையில் ஓட்டுவது, ஓட்டுபவர் கண்ணைக் கட்டிக்கொள்வதற்குச் சமம். மாட்டின் கண்ணைக் கட்டலாம். ஓட்டுபவர் கண்ணைக் கட்டலாமா? வெக்டார் முறையில் டிரைவ் பாரத்தைத் தனியாகவும் இழுவையைத் தனியாகவும் பிடித்து நடத்துகிறது. பாரத்தை மாறாமல் வைத்துக்கொண்டு, எள் இறுகும்போது இழுவையை மட்டும் ஏற்றுகிறது. உரல் காலியானால் இழுவையை மட்டும் இறக்குகிறது. பூஸ்டுக்கு அங்கே வேலையே இல்லை. (1986-இல் ஜப்பானியர்கள் தகாஹாஷியும் நொகுச்சியும் இதற்கு இன்னொரு வழி சொன்னார்கள்: கோணக் கணக்கை விட்டுவிட்டு, முறுக்குவிசையையும் காந்தப்புலத்தையும் நேரடியாக மதிப்பிட்டு, இரண்டும் எல்லை தாண்டும் போதெல்லாம் சுவிட்சை மாற்றுவது. சில நிறுவனங்களின் டிரைவ்கள் அந்த வழியில் ஓடுகின்றன. செக்குக்கு இரண்டில் எது இருந்தாலும் போதும்.)

ஆனால் சட்டத்தின் மேல் உட்காருபவருக்குச் சட்டம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமே. உங்கள் மோட்டாரில் சுழற்சியை அளக்கும் கருவி எதுவும் இல்லை. டிரைவ் தான் கொடுக்கும் மின்னழுத்தத்தையும் திரும்பி வரும் கரண்டையும் வைத்து, காந்தப்புலம் இந்த நொடியில் எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஊகிக்கிறது. அந்த ஊகம் சரியாக இருக்க, மோட்டாரின் குணம் அதற்குத் தெரிய வேண்டும்: கம்பித் தடை எவ்வளவு, காந்தக் கரண்ட் எவ்வளவு, உள்ளே சுற்றும் பகுதியான ரோட்டாரின் தடை எவ்வளவு. 'ஆட்டோ டியூன்' என்பது இதைத்தான் அளக்கிறது. நான் போய்ப் பார்க்கும் இடங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு படியைச் செய்யாமல் விட்டிருப்பார்கள். வெக்டார் முறைக்கு மாற்றிவிட்டு ஆட்டோ டியூன் செய்யாமல் விட்டால், பழைய முறையைவிட மோசமாக ஓடும். பிறகு 'வெக்டார் நமக்கு ஒத்துவராது' என்று பழி அதன் மேல் விழும்.

ஆட்டோ டியூனுக்கு முன் பெயர்த்தகட்டில் உள்ள எண்களைக் கொடுக்க வேண்டும். இங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று வேகம். நான்கு துருவ மோட்டாரின் காந்தப்புலம் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும். ரோட்டார் அதைவிடக் கொஞ்சம் பின்தங்கித்தான் சுற்றும். தகட்டில் 1440 அல்லது 1450 என்று இருக்கும். மாட்டுபவர் 'ஏதோ நாலு துருவம்தானே' என்று 1500 என்று போட்டுவிடுவார். அந்த 50, 60 சுற்று வித்தியாசம்தான் நழுவல்; ரோட்டாரின் தடையை டிரைவ் அதிலிருந்துதான் கணிக்கிறது. 1500 என்று போட்டால் நழுவலே இல்லாத மோட்டார் என்று சொன்னதாக ஆகும். அப்படி ஒரு இண்டக்‌ஷன் மோட்டார் உலகில் இல்லை.

இரண்டாவது, ஸ்டார்-டெல்டா, அதாவது மோட்டாரின் காயில்களை இணைக்கும் இரண்டு விதங்கள். 7.5 எச்.பி. மோட்டாருக்கு நம் பக்கம் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் போடுவது வழக்கம். டிரைவ் வந்த பிறகும் அந்தப் பழைய ஸ்டார்ட்டரை டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவிலேயே விட்டுவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிட வேண்டும். 415 வோல்ட் டெல்டா என்று தகட்டில் இருந்தால் மோட்டாரை நேராக டெல்டாவில் கட்டி டிரைவில் இணைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் தொடர்பு பிரிந்து சேர்ந்தால் டிரைவின் சுவிட்சுகள் போய்விடும். தவறிப்போய் ஸ்டாரில் நின்றுவிட்டாலோ மூன்றில் ஒரு பங்கு விசைதான் கிடைக்கும். உங்கள் செக்கு கிளம்ப மறுப்பதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம்.

ஆட்டோ டியூனில் நின்றபடி அளப்பது, சுற்றவிட்டு அளப்பது என்று இரண்டு வகை உண்டு. பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சுற்றவிட்டு அளப்பதையே செய்யுங்கள். அரை மணி நேர வேலை. மோட்டார் எப்போதாவது காயில் கட்டப்பட்டதா என்றும் சொல்லுங்கள். கட்டியவர் சுற்றின் எண்ணிக்கையையோ கம்பியின் தடிமனையோ மாற்றியிருந்தால் பெயர்த்தகடு சொல்வது அந்த மோட்டாரின் பழைய பிறவியைப் பற்றி. பழைய காயிலை எடுக்கும்போது இரும்புத் தகடுகளை நெருப்பில் வாட்டியிருந்தால் தகடுகளுக்கு நடுவே உள்ள பூச்சு கெட்டு, அந்த மோட்டார் சும்மா சுற்றும்போதே சூடாகும். எந்த டிரைவாலும் அதைத் திருத்த முடியாது.

வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. செம்பின் தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம் ஏறும்; ரோட்டாரில் உள்ள அலுமினியமும் அப்படித்தான். காலை ஆறு மணிக்குக் குளிர்ந்து கிடந்த மோட்டார் மதியம் 75 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் தடை 30 சதவீதம் மாறியிருக்கும். டிரைவ் காலையில் அளந்த கணக்கையே பிடித்துக்கொண்டிருந்தால் கோணம் விலகும். மாடு சட்டத்துக்குச் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்து இழுக்கத் தொடங்கும். காலையில் நன்றாக ஓடி மதியத்துக்கு மேல் திக்குகிறது என்றால் இதைச் சந்தேகியுங்கள். நல்ல டிரைவ்களில் ஓட ஓடத் தன்னைத் திருத்திக்கொள்ளும் வசதி இருக்கிறது. கையேட்டில் தேடி அதை இயக்கிவிடுங்கள்.

இப்போது கப்பிக்கு வருகிறேன். உங்கள் மோட்டார் பாதி வேகத்தில் ஓடுகிறது. அதன் பின்பக்கத்து விசிறியும் அதே தண்டில் இருப்பதால் அதுவும் பாதி வேகம். செக்கு கேட்கும் முறுக்குவிசையோ குறையவில்லை. எள் இறுகினால் இறுகியதுதான், மெதுவாகச் சுற்றினாலும் அதே பலம் வேண்டும். முழு விசை, பாதிக் காற்று. மேலே சித்திரை வெயிலில் கொதிக்கும் கூரை. மோட்டார் சுடாமல் என்ன செய்யும்? கட்டுப்பாட்டு முறையை எவ்வளவு நேர்த்தியாக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆகவே பெல்ட்டின் எதிர்ப்பக்கத்தில், செக்கின் பக்கம் உள்ள கப்பியை இப்போது இருப்பதைப் போல் 1.7 மடங்கு விட்டமுள்ளதாக மாற்றுங்கள். அதே செக்கு வேகத்துக்கு மோட்டார் 42 ஹெர்ட்ஸில் ஓடும். மோட்டார் தர வேண்டிய முறுக்குவிசை பத்தில் ஆறு பங்காகக் குறையும். கம்பிச் சூடு கரண்டின் இருபடிக்கு ஏற்ப மாறுவதால், இழுவைக் கரண்டால் வரும் சூடு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். விசிறியும் முக்கால் வேகத்துக்கு மேல் சுற்றும். மோட்டார் பக்கக் கப்பியைச் சிறிதாக்கியும் இதைச் செய்யலாம்; ஆனால் பி வகை பெல்ட் என்றால் ஐந்து அங்குலத்துக்குக் கீழே நான் போகமாட்டேன், பெல்ட் மடங்கி மடங்கிச் சீக்கிரம் வெடித்துவிடும். என் கணிப்பில் உங்கள் தொல்லையில் பாதி இந்த ஒரு மாற்றத்திலேயே தீரும்.

கப்பி மாற்றி, டியூன் செய்து முடித்த பிறகும் எள் இறுகும்போது திக்கினால், வேகத்தைப் பிடிக்கும் அமைப்பைத் தொட வேண்டும். வெக்டார் டிரைவுக்குள் இரண்டு வளையங்கள் ஓடுகின்றன. உள் வளையம் கரண்டைப் பிடிக்கிறது, மிக வேகமானது. அதை ஆட்டோ டியூனே அமைத்துவிடும், தொடாதீர்கள். வெளி வளையம் வேகத்தைப் பார்த்து 'இழுவையை ஏற்று, இறக்கு' என்று உத்தரவிடுகிறது. அது உள் வளையத்தைவிடப் பத்து மடங்கு நிதானமாக இருக்க வேண்டும். இதற்கு உரிய எண்கள் இரண்டு: விகிதம், தொகையீட்டு நேரம். சிலர் விகிதத்தை ஏற்றிக்கொண்டும் தொகையீட்டு நேரத்தைக் குறைத்துக்கொண்டுமே போவார்கள். வேகம் கம்பி போல் நிற்க வேண்டும் என்ற ஆசை. செக்குக்கு அது தேவையில்லை. உலக்கை ஒரு சுற்றில் ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தளரும். அந்த ஒவ்வொரு இறுக்கத்துக்கும் டிரைவ் பாய்ந்து பாய்ந்து பதில் சொன்னால் பெல்ட் அடித்துக்கொள்ளும், கியர் பெட்டியின் பற்கள் முன்னும் பின்னும் இடிக்கும். விகிதத்தைப் பாதியாகக் குறைத்து, தொகையீட்டு நேரத்தை நீட்டிப் பாருங்கள். சில டிரைவ்களில் 'டிரூப்' என்று ஒரு அமைப்பு இருக்கும்: சுமை ஏறினால் வேகம் கொஞ்சம் தணியட்டும் என்று விடுவது. 2 அல்லது 3 சதவீதம் கொடுங்கள். மாடும் அப்படித்தான் இழுத்தது. இறுகும் இடத்தில் ஒரு நொடி நிதானித்து, பிறகு நடை போடும்.

கூவல் சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம், டிரைவ் மின்சாரத்தை வெட்டும் வேகம். 2 கிலோஹெர்ட்ஸில் இருந்தால் காதைத் துளைக்கும். 4 முதல் 6-க்கு மாற்றுங்கள். அதற்கு மேலும் ஏற்றினால் மோட்டார் இன்னும் அமைதியாகும், ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கும் டிரைவின் சுவிட்சுகள் கொஞ்சம் சூட்டை விழுங்குகின்றன. பல டிரைவ்கள் 40 டிகிரி சுற்றுப்புறச் சூடு வரைதான் முழுத் திறனில் ஓடும் என்று கையேட்டில் இருக்கும். உங்கள் கூடத்தில் மே மாதம் அதைத் தாண்டும். பெட்டியின் மேலும் கீழும் காற்று போக இடம் விடுங்கள், எள் தூசி அடைந்த விசிறியைத் துடையுங்கள்.

திக்கலின் தாளத்தைக் கவனித்தால் சில சமயம் காரணமே பிடிபடும். கொடுக்கும் அதிர்வெண்ணோடு ஒத்து, 10 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்குப் பத்து முறை அதிர்ந்தால், டிரைவின் கரண்ட் உணரி பூஜ்யத்தில் சரியாக நிற்கவில்லை. அதைப் போல் இரண்டு மடங்காக அதிர்ந்தால் உணரிகளுக்குள் அளவு ஒத்துப்போகவில்லை. ஆறு மடங்கு என்றால், டிரைவுக்குள் மேல் சுவிட்சும் கீழ்ச் சுவிட்சும் ஒரே நேரத்தில் மின்சாரத்தைக் கடத்திவிடாதபடி விடும் ஓரிரு மைக்ரோ விநாடி இடைவெளி மின்னழுத்தத்தைச் சிதைக்கிறது. குறைந்த வேகத்தில்தான் இது தெரியும், அதற்கு ஈடுசெய்யும் அமைப்பு பல டிரைவ்களில் உண்டு. செக்கு ஒரு சுற்றுக்கு ஒரு முறை மட்டும் திக்கினால் மின்சாரத்தைக் குறை சொல்லாதீர்கள். உரலையும் உலக்கையையும் பாருங்கள்.

மின்சாரம் போய்த் திரும்பும்போது கிளம்பாதது உண்மையிலேயே கடினமான நிலை. பாதி அரைந்த எள் ஆறி இறுகி உலக்கையைக் கவ்விக்கொள்கிறது. அதை அசைக்க முழு விசையையும் தாண்டித் தேவைப்படும். டிரைவ் வாங்கும்போது கனரகப் பயன்பாட்டுக்கு என்று மதிப்பிட்டதை வாங்கியிருந்தால் ஒரு நிமிடத்துக்கு 150 சதவீதம் கரண்ட் கொடுக்கும். பம்புக்கான டிரைவ் என்றால் 110 அல்லது 120-உடன் நின்றுவிடும். உங்களுடையது எது என்று தகட்டில் பாருங்கள். அடுத்து, கிளம்பும் முன் காந்தப்புலம் நிரம்ப நேரம் கொடுங்கள். இந்த அளவு மோட்டாருக்கு ஒரு நொடியில் பத்தில் சில பங்கு நேரம் ஆகும். பாரம் ஏறும் முன்னே மாட்டை விரட்டினால் இழுவை வீணாகும். 'முன்காந்தமேற்றம்' என்ற அமைப்பில் 0.3 அல்லது 0.5 நொடி கொடுத்து, வேகமேற்றும் நேரத்தை 10 நொடியாக்கி, அதன் வடிவத்தை நேர்க்கோட்டிலிருந்து எஸ் வளைவுக்கு மாற்றுங்கள். அப்படியும் கிளம்பாவிட்டால் உரலைக் கையால் கிளறித் தளர்த்திவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். அதைச் செய்வதற்கு முன் மெயினை அணைத்துவிட்டு, டிரைவைத் தொடுவதாக இருந்தால் பத்து நிமிடம் காத்திருங்கள். உள்ளே உள்ள கெப்பாசிட்டர்களில் ஐந்நூறு வோல்ட்டுக்கு மேல் நின்றுகொண்டிருக்கும்.

கட்டணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 'டிரைவ் போட்டால் மின்சாரம் பாதியாகும்' என்று உங்களிடம் சொன்னவர் பம்பையும் விசிறியையும் மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். காற்றையும் நீரையும் தள்ளும் இயந்திரத்தில் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். வேகத்தை 80 சதவீதமாக்கினால் திறன் 51 சதவீதமாகிவிடும். செக்கு அந்தச் சாதி இல்லை. பாதி வேகத்தில் ஓட்டினால் திறன் பாதி, நேரம் இரண்டு மடங்கு. ஒரு உரல் எள்ளுக்கு ஆகும் யூனிட் ஏறக்குறைய அதேதான். உங்களுக்கு மிச்சம் வரக்கூடிய இடங்கள் வேறு. வீணாகும் பாரக் கரண்டை நிறுத்துவது ஒன்று. உரல் காலியாகச் சுற்றும் நேரத்தில் காந்தப்புலத்தையே தணித்து இரும்பின் இழப்பைக் குறைக்கும் 'மின்சேமிப்பு' அமைப்பு இன்னொன்று. ஆனால் அது இயங்கும்போது திடீரென்று சுமை ஏறினால் டிரைவ் கொஞ்சம் தடுமாறும், அதனால் எள் இறுகும் கட்டத்தில் அதை அணைத்துவைக்கவே நான் சொல்வேன். மூன்றாவது மோட்டாரே. 5.5 கிலோவாட், அதாவது 7.5 எச்.பி., நான்கு துருவ மோட்டாருக்கு, செயல்திறனை வைத்துப் பிரிக்கும் வகுப்புகளில், ஐ.இ.1-இல் 84.7 சதவீதமும் ஐ.இ.3-இல் 89.6 சதவீதமும் செயல்திறன் வரையறை. பழையது எரிந்துபோனால் மறுபடி காயில் கட்டாமல் ஐ.இ.3 வாங்குங்கள். எரியாத மோட்டாரை இதற்காகத் தூக்கிப்போட வேண்டாம்.

வீட்டு ஆழ்துளைக் கிணற்றுப் பம்புக்கும் இதே போல் ஒரு டிரைவ் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மேல்நிலைத் தொட்டியை நிரப்ப மட்டும் என்றால் தேவையில்லை. நம் பக்கத்துக் கிணறுகளில் நீர் ஆழத்தில் கிடக்கிறது. வேகத்தைக் குறைத்தால் மும்மடிக் கணக்கு பலிப்பதற்கு முன்பே நீர் மேலே வருவது நின்றுவிடும். மீறிப் போடுவதானால் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓடவிடக் கூடாது, நீர்மூழ்கி மோட்டாரின் அடிப் பேரிங் நீர்ப்படலம் இல்லாமல் தேயும். நூறு மீட்டர் கேபிளில் டிரைவின் மின்துடிப்புகள் எதிரொலித்து, டிரைவுக்குள் உள்ள 587 வோல்ட் நேர்மின்சாரம் மோட்டார் முனையில் ஏறக்குறைய இரண்டு மடங்காகக் குதிக்கும். காயிலின் முதல் சுற்றுகள் அதில்தான் எரிகின்றன. டிரைவின் வெளிப்பக்கம் அதற்கான சோக்கோ வடிகட்டியோ இல்லாமல் போடவே கூடாது.

முற்றத்துக்கு மேலே சுற்றும் பழைய சீலிங் ஃபேன்களை மாற்ற நினைத்தால், அங்கே காசு நிச்சயம் மிஞ்சும். பழைய ஃபேன் 70, 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் 28 முதல் 35 வாட். அதில் பாரத்தை நிலைக்காந்தமே சுமக்கிறது, பாரக் கரண்டுக்கு மின்சாரம் செலவில்லை. மலிவானவற்றில் கரண்டை ஆறு படிகளாக மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள், இரவில் மெல்லிய 'டிக்' சத்தம் கேட்கும்; சைன் அலையில் ஓட்டுகிறது என்று எழுதியதாகப் பார்த்து வாங்குங்கள், படுக்கையறைக்கு அதுதான் நல்லது.

செக்குக்கு இந்த வரிசையில் போங்கள்: நடுவில் ஸ்டார்ட்டர் இருந்தால் எடுப்பது, பெல்ட்டைக் கழற்றி வெறும் மோட்டார் 10, 25, 42 ஹெர்ட்ஸில் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று எழுதுவது, கப்பி மாற்றுவது, பெயர்த்தகட்டு எண்களைக் கொடுத்து வெக்டார் முறையில் ஆட்டோ டியூன் செய்வது. பிறகு அதே மூன்று அளவுகளை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். ஒரு உரல் எள் இறுகும்போது திரையில் ஏறும் உச்சக் கரண்டையும், மதியம் இரண்டு மணிக்கு மோட்டாரின் சூட்டையும் சேர்த்து எழுதி, பெயர்த்தகட்டின் படத்தோடு அனுப்புங்கள். வேக வளையத்துக்கு என்ன எண் கொடுக்கலாம் என்பதை அவற்றைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், ஆச்சி.